நகல் பிசகும் இடம்

கோல்மன் தெரு பெனின்சுலா ஷாப்பிங் சென்டருக்குள் வெள்ளிக்கிழமை மாலை போய் நின்றால், ராக் கிட்டாரின் வரலாறு முழுக்க வரிசை குலைந்து காதில் விழும். ஒரு கடையில் உயர்நிலைப்பள்ளிப் பையன் ஒருவன், விலைச்சீட்டு தொங்கிக்கொண்டிருக்கும் கிட்டாரில், இரண்டு கை விரல்களாலும் ஃப்ரெட்டுகளின் மேல் தட்டித் தட்டி வான் ஹேலனை ஓட்டிக்கொண்டிருப்பான். பக்கத்துக் கடையில், அலுவலக அடையாள அட்டையைக்கூடக் கழற்றாத நடுவயதுக்காரர் ஒருவர் பி.பி. கிங்கின் ஒரே ஒரு ஸ்வரத்தைத் தேடிக்கொண்டிருப்பார். அழுத்துவார், இழுப்பார், நடுக்குவார், தலையை ஆட்டிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து. பையனைச் சுற்றி நாலு பேர் கூடிவிடுவார்கள். பெரியவரைக் கடைக்காரர்கூட நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இவர்களில் யார் கெட்டிக்காரர் என்ற கேள்விதான் கிட்டார் ரசிகர்கள் கூடுமிடமெல்லாம் வேறு வேறு பெயர்களோடு திரும்பத் திரும்ப வருகிறது. ஹெண்ட்ரிக்ஸா, கிளாப்டனா? ஜெஃப் பெக்கா, வான் ஹேலனா? நம் சிங்கப்பூரில் கேட்டால் ரெஜி வெர்கீஸா, அவருக்குப் பின் வந்தவர்களா? தேக்கா சந்தையில் டீ ஆறும்வரை இதைப் பேசலாம், முடிவு வராது. ஒரே தராசில் இரண்டு சரக்கை நிறுப்பதுதான் காரணம். கையின் தேர்ச்சி ஒன்று. அந்தக் கை வேறு எவருடையதும் இல்லை என்று கேட்டவுடன் தெரிவது இன்னொன்று. இவை இரண்டும் சேர்ந்தே வளரும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ராக், புளூஸ் இரண்டின் வரலாறும் அப்படிச் சொல்லவில்லை. பல இடங்களில் ஒன்று மற்றொன்றுக்குக் குறுக்கே நின்றிருக்கிறது.

பட்டியல்களை முதலில் ஒதுக்கிவிடலாம். அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2003ல் வெளியிட்ட தலைசிறந்த நூறு கிட்டார் கலைஞர்கள் வரிசையில் எடி வான் ஹேலனுக்கு 70ஆம் இடம். 2011 பட்டியலில் 8ஆம் இடம். 2023ல் 250 பேராக நீட்டிய பட்டியலில் 4ஆம் இடம். ஜோனி மிச்செல் 72லிருந்து 9க்கு ஏறினார். வான் ஹேலன் 2020ல் இறந்துவிட்டார். அவர் பெயரை நிலைநாட்டிய ‘எரப்ஷன்’ 1978ல் வந்த இரண்டு நிமிடத்துக்கும் குறைவான வாசிப்பு. அதில் ஒரு ஸ்வரமும் மாறவில்லை. மாறியது பட்டியல் போட்டவர்களின் காது. இப்படிப்பட்ட பட்டியலை வைத்துக்கொண்டு சண்டை போடுவது வீண். ஆனால் இந்த ஏற்ற இறக்கம் ஒரு விஷயத்தைக் காட்டிக்கொடுக்கிறது. 2003ல் வான் ஹேலன் வேகக்காரராகப் பார்க்கப்பட்டார், வேகம் அப்போது மதிப்பிழந்திருந்தது. இருபது ஆண்டு கழித்து அவர் ஒரு புது மொழியைக் கண்டெடுத்தவராகப் பார்க்கப்படுகிறார்.

தேர்ச்சிக்கும் தனித்தன்மைக்கும் உள்ள இந்த வேறுபாடு நமக்குப் புதிதில்லை. கர்நாடகக் கச்சேரிக்குப் போகிறவர்கள் பாடாந்தரத்தையும் மனோதர்மத்தையும் தனித்தனியாகக் கேட்கப் பழகியவர்கள். குரு சொல்லிக்கொடுத்த சங்கதியை அப்படியே பாடினால் அது நகல் என்று யாரும் குறை சொல்வதில்லை, சுத்தமான பாடம் என்று மெச்சுவார்கள். நிரவலுக்கும் கற்பனை ஸ்வரத்துக்கும் வரும்போதுதான் ‘இவரிடம் சொந்தச் சரக்கு உண்டா?’ என்ற கேள்வி எழும். ஒரு கலைஞருக்குள் இரண்டும் அடங்கும், இரண்டுக்கும் மதிப்பெண் வேறு வேறு. ராக் விமர்சனத்தில் இந்த ஒழுங்கு கிடையாது. நகல் என்றால் அங்கே திட்டு.

புளூஸ் இந்த விஷயத்தில் ராக்கைவிட நம் பக்கம் நெருங்கி நிற்கிறது. பன்னிரண்டு பார் கொண்ட ஒரு சட்டம், மூன்றே கார்டுகள், நூறாண்டாக எல்லாரும் வாசிக்கும் அதே சொற்றொடர்கள். ஆல்பர்ட் கிங் இடக்கைக்காரர். வலக்கை கிட்டாரைத் தந்தி மாற்றாமல் தலைகீழாகப் பிடித்து, மெல்லிய தந்திகளைக் கீழ்நோக்கி இழுத்தவர். அவருடைய இழுப்புகளை கிளாப்டன் 1967ல் ‘ஸ்ட்ரேஞ்ச் ப்ரூ’வில் ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டார். ஸ்டீவி ரே வான் 1983ல் வெளியான டேவிட் போவியின் ‘லெட்ஸ் டான்ஸ்’ பாட்டுக்கு வாசித்ததிலும் ஆல்பர்ட்டின் கை தெளிவாகக் கேட்கும். இது திருட்டா? புளூஸ்காரரிடம் கேட்டால் சிரிப்பார். பாடம் அது. ஸ்டீவி ரே சாதாரணமாகப் போடுவதைவிட மிகத் தடித்த தந்திகளைப் போட்டு, கிட்டாரை அரைக்கட்டை இறக்கிச் சுருதி சேர்த்து, அதே சொற்றொடரைக் கட்டை விரல் தடிமனில் பேசினார். சொல் ஆல்பர்ட்டுடையது, குரல் ஸ்டீவியுடையது. புளூஸில் சொந்தம் என்பது அந்தக் குரல்தான்.

அந்தக் குரல் எங்கே உட்கார்ந்திருக்கிறது? நம் காதுக்கு இது எளிதில் பிடிபடும். புளூஸில் உயிரான ஸ்வரம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. ஃப்ரெட் போட்ட வாத்தியத்தில் அதற்கு இடம் கிடையாது. தந்தியைப் பக்கவாட்டில் தள்ளித்தான் அங்கே போயாக வேண்டும். எவ்வளவு தள்ளுவது, எந்த வேகத்தில் ஏறுவது, ஏறியபின் எப்படி அசைப்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும். கடையில் நின்ற நடுவயதுக்காரர் தேடியது இதைத்தான். பி.பி. கிங்கின் அசைவு வேகமாக, குறுகலாக, பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும். எரிக் கிளாப்டனுடையது அகலம், நிதானம். கமகம் கேட்டு வளர்ந்தவருக்கு இந்த இருவரையும் பிரித்தறிய ஒரு ஸ்வரம் போதும்.

பி.பி. கிங்குக்கு அந்த அசைவு வந்த கதையை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். உறவினர் புக்கா வைட், தந்தியின் மேல் குழாயை வழுக்கி வாசிக்கும் ஸ்லைடு முறையில் கைதேர்ந்தவர். அதே மாதிரி வாசிக்க கிங்குக்கு ஆசை, ஆனால் கை வரவில்லை. அந்த வழுக்கும் ஓசையை வெறும் விரலால் எட்டப்பார்த்து, விரலை நடுக்கினார். பிறந்தது இருபதாம் நூற்றாண்டில் அதிகம் பேர் பின்பற்றிய வைப்ரேட்டோ. இதே கதை வேறு ஊர்களிலும் நடந்திருக்கிறது. டோனி அயோமி 1965ல் பர்மிங்காம் தகரத் தொழிற்சாலை ஒன்றில் இரண்டு விரல் நுனிகளை இழந்தார், அதுவும் ஃப்ரெட்டை அழுத்தும் கையில். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார், மெல்லிய தந்திகளைப் போட்டார், பின்னாளில் தந்தியின் இறுக்கத்தைக் குறைக்கச் சுருதியையும் இறக்கினார். ஹெவி மெட்டலின் கனத்த ஒலிக்கு இதில் பெரும் பங்கு உண்டு. ஜோனி மிச்செலுக்குச் சிறுவயதில் போலியோ. இடக்கை பலவீனப்பட்டதால் வழக்கமான கார்டுகளைப் பிடிக்க முடியாமல் தந்திகளை வேறு சுருதிக்கு மாற்றினார். மற்றவர்கள் எழுதவே முடியாத இசைவுகள் அங்கிருந்து வந்தன.

நான் சொல்ல வருவது இதுதான். கிட்டாரில் தனித்தன்மை பெரும்பாலும் நகல் எடுக்கப்போய்ப் பிசகிய இடத்தில் பிறக்கிறது. நகல் சுத்தமாக வந்துவிட்டால் அங்கே கதை முடிந்துவிடுகிறது. கை எவ்வளவு தேர்ந்ததோ அவ்வளவுக்கு நகல் சுத்தமாக வரும். அதனால்தான் அபாரத் தேர்ச்சி உடையவர்களில் பலரை நாலு நாள் கழித்து நினைவில் வைத்திருக்க முடிவதில்லை.

இதற்கு எதிர்ச்சான்று உண்டு, பெரிய சான்று. ஜெஃப் பெக்குக்குக் கையில் எந்தக் குறையும் இல்லை. 1960களில் யார் வாசித்ததையும் அவரால் வாசிக்க முடிந்தது. 1980களில் அவர் தந்தி மீட்டும் பிக்கைக் கீழே போட்டார். கட்டை விரலால் தந்தியைத் தட்டி, சுண்டு விரலால் ஒலிக் குமிழைத் திருகி, மற்ற விரல்களில் ட்ரெமலோ கம்பியைப் பிடித்து, வேகத்தையெல்லாம் விட்டுவிட்டுக் கிட்டாரைப் பாட வைத்தார். 1989ல் வந்த ‘வேர் வேர் யு’வை முதல் தடவை கேட்பவருக்கு அது கிட்டார் என்று நம்ப நேரம் எடுக்கும். முடியாமையை அவராகவே வரவழைத்துக்கொண்டார் என்று சொல்லி என் வாதத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். ஆனால் அது கொஞ்சம் வக்கீல்தனம். பெக் மாதிரி ஒருவர் இருக்கும்வரை ‘தேர்ச்சி தனித்தன்மையைக் கொல்லும்’ என்று பொதுவிதி போட முடியாது. தேர்ச்சி சோம்பலுக்கு வழிவிடுகிறது, பெக் சோம்பவில்லை, அவ்வளவுதான்.

இன்றைய நிலைமையை விரைவாகப் பார்த்துவிடலாம். யூடியூபில் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, கையைப் பெரிதாக்கிப் பார்த்துக் கற்கும் தலைமுறை வந்துவிட்டது. 1978ல் வான் ஹேலன் வாசித்ததைப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் சில மாதத்தில் எட்டிவிடுகிறார்கள். எட்டுத் தந்தி கிட்டாரில் டோசின் அபாசி கட்டை விரலால் அடித்து வாசிப்பதும், பாலிஃபியா குழுவின் டிம் ஹென்சன் ஹிப்ஹாப் தாளத்துக்கு நுணுக்கமாகப் பின்னுவதும் உண்மையிலேயே புதியவை. இவர்களைப் பார்த்து வாசிப்போர் கூட்டம் இப்போதே தாங்க முடியவில்லை. புளூஸ் பக்கம் மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேலில் 1999ல் பிறந்த கிங்ஃபிஷ் இங்ரம் ‘662’ ஆல்பத்துக்காக 2022ல் கிராமி வாங்கினார். பாடாந்தரம் சுத்தம், ஆழமும் உண்டு. அவருடைய குரல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது என்பது என் கணிப்பு. இந்தத் தலைமுறைக்குச் சற்று முந்தைய டெரெக் ட்ரக்ஸை நான் எல்லாருக்கும் மேலே வைப்பேன். அவர் ஸ்லைடு வாசிப்பவர், பிக் கிடையாது. அலி அக்பர் கானின் சரோதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்ததாகச் சொல்பவர். அவர் ஒரு ஸ்வரத்தை அணுகும் விதத்தில் அது தெரியும். தொடும் முன்னால் சுற்றி வருவார்.

இனி நம் தீவுக்கு வருவோம். சிங்கப்பூரில் மின் கிட்டார்க் காய்ச்சல் தொடங்கிய ஆண்டு 1961. கிளிஃப் ரிச்சர்டும் தி ஷேடோஸ் குழுவும் ஹேப்பி வேர்ல்டு அரங்கில் வாசித்தார்கள். ஹேங்க் மார்வினின் எதிரொலி கலந்த தெளிந்த ஒலி இளைஞர்களைப் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடந்தோறும் குழுக்கள் முளைத்தன. குவீன்ஸ்டவுன் தொழில்நுட்ப உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் தொடங்கிய தி குவெஸ்ட்ஸ் அவற்றில் ஒன்று. தங்கள் பள்ளிச் சஞ்சிகையின் பெயரையே குழுவுக்கு வைத்தார்கள். 1964ல் அவர்கள் வெளியிட்ட ‘ஷேன்டி’, குழுவின் ஹென்றி சுவா இயற்றிய வாத்திய இசைத்துண்டு, உள்ளூர் வானொலி வரிசையில் பீட்டில்ஸைக் கீழே தள்ளி முதலிடத்துக்குப் போனது. உள்ளூர்க் குழு ஒன்றுக்கு அது முதல் தடவை. அந்தக் குழுவின் லீட் கிட்டாராகப் பேர் வாங்கியவர் ரெஜி வெர்கீஸ். பிற்பாடு இஎம்ஐ நிறுவனத்தில் தயாரிப்பாளராக இருந்து பலருடைய பாட்டுகளுக்குப் பின்னால் நின்றார். 2015ல் மறைந்தார்.

வெர்கீஸின் வாசிப்பை இன்றைக்குக் கேட்டாலும் சுத்தம் அசரவைக்கிறது. ஒவ்வொரு ஸ்வரமும் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கும். மார்வினின் பாடத்தை இவரளவு ஜீரணித்தவர் இந்த வட்டாரத்தில் அப்போது அதிகம் பேர் இருந்திருக்க முடியாது. ஆனால் வெர்கீஸ் என்று மூன்று ஸ்வரத்தில் அடையாளம் சொல்ல முடியுமா? என்னால் முடியவில்லை. அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்த மேடை அதைக் கேட்கவே இல்லை. வெளிநாட்டு ஹிட் வந்த வாரத்திலேயே அதை அச்சு மாறாமல் வாசிக்கிற குழுவுக்குத்தான் டீ டான்ஸில் கூட்டம். ஓர்ச்சர்ட் ஓட்டலின் கோல்டன் வீனஸில் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆட வந்தவர்கள் ரேடியோவில் கேட்டதையே எதிர்பார்த்தார்கள்.

அதே கோல்டன் வீனஸ் காலத்தில் கூட்டத்துக்குக் கொஞ்சம் முரண்டு பிடித்தவர்கள் ஸ்ட்ரேடாக்ஸ். 1966ல் தொடங்கிய இந்தக் குழு புளூஸை எடுத்துக்கொண்டது. பளபளப்பு இல்லாத, சத்தம் கூடிய, சில இடங்களில் முரட்டுத்தனமான வாசிப்பு. குழுவில் கிட்டார் வாசித்தவர்களில் ஜிம்மி அப்புதுரை ஒருவர். அந்தப் பெயரைப் பார்த்ததும் தமிழ் வாசகருக்கு ஓர் ஒட்டுதல் வரும். ஆனால் அவர்கள் வாசிப்பில் தமிழ்ச் சாயலைத் தேடினால் ஏமாறுவோம். அவர்கள் காது முழுக்க லண்டன் வழியாக வந்த சிகாகோவில் இருந்தது. சொந்தப் பாட்டுகளும் பதிவு செய்தார்கள். ‘ஃப்ரீடம்’, ‘மம்ஸ் டூ பேம்பரிங்’ இரண்டையும் குவெஸ்ட்ஸ் பதிவுகளோடு அடுத்தடுத்துக் கேட்டால் இந்தக் கட்டுரையின் கேள்வி உடனே விளங்கும். தேர்ச்சிக்கு வெர்கீஸ். எங்கே போகப்போகிறார்கள் என்ற பதற்றத்துக்கு ஸ்ட்ரேடாக்ஸ். எனக்கு இரண்டாவதைத்தான் திரும்பக் கேட்கத் தோன்றுகிறது.

1970கள் இந்த வளர்ச்சியை முறித்துப்போட்டன. நீண்ட முடி வைத்த ஆண்களுக்குக் கடைசியில்தான் சேவை என்று அலுவலகங்களில் அறிவிப்பு தொங்கிய காலம். 1972ல் லெட் செப்பெலின் வந்தும் முடியை முன்னிட்டு உள்ளே விடப்படாமல் கச்சேரி ரத்தானது. ஜிம்மி பேஜைச் சிங்கப்பூர் இளைஞர்கள் அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு ஒரு கத்தரிக்கோலுக்காகப் போயிற்று. டீ டான்ஸ்கள் ஓய்ந்தன. பிழைக்க வேண்டிய கிட்டார்க்காரர்களுக்கு மிஞ்சியது ஓட்டல் லவுஞ்ச். அங்கே முதலாளி கேட்பது ஒன்றே ஒன்று: விருந்தினர் கேட்கும் பாட்டு, அவர் கேட்ட மாதிரியே. இந்தக் கவர் பொருளாதாரம் சிங்கப்பூருக்கு ஒரு தலைமுறை அபாரமான கைகளைக் கொடுத்தது. எந்தப் பாணியையும் ஒரு வாரத்தில் கொண்டுவந்துவிடும் கைகள். கிளார்க் கீயின் கிரேஸி எலிஃபண்டில் நீண்ட காலம் புளூஸ் வாசித்தவர்களைக் கேட்டவர்களுக்கு அந்தத் தரம் தெரியும். நகல் பிசகினால் வேலை போய்விடும் என்ற இடத்தில் பிசகு எங்கிருந்து வரும்?

லிட்டில் இந்தியாப் பக்கம் கதை வேறு பாதையில் போனது. சிராங்கூன் ரோட்டு கேசட் கடைகளிலிருந்து வெளியே கேட்டது ஹெண்ட்ரிக்ஸ் இல்லை, இளையராஜா. தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்ற, தானே கிட்டார்க்காரராகத் தொழிலில் நுழைந்த ஒருவர் தமிழ்த் திரையிசையைக் கையில் எடுத்துக்கொண்டதால், நம் வீடுகளில் கிட்டார் ஒலி குழந்தைப் பருவத்திலேயே புகுந்துவிட்டது. 1982ல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’வை நினைத்துப் பாருங்கள். அந்தத் தொடக்கம் தெரியாத சிங்கப்பூர்த் தமிழர் அரிது. அதை வாசித்தவர் சந்திரசேகர் என்று தெரிந்தவர் அதைவிட அரிது. பாட்டு எஸ்.பி.பி. பெயரிலும் ராஜா பெயரிலும் ஓடுகிறது, விரல் பெயரில்லாமல் போகிறது.

கல்யாணங்களிலும் கோயில் விழாக்களிலும் வாசிக்கும் உள்ளூர் மெல்லிசைக் குழுக்களில் புதிதாகச் சேர வரும் கிட்டார்க்காரருக்கு எழுதப்படாத தேர்வு அந்தத் தொடக்கம்தான். அது சுத்தமாக வந்தால் ஆள் தேறிவிட்டார். ஆனால் இந்தக் குழுக்களில் ஒரு சுவாரசியமான விஷயத்தைக் கவனித்திருக்கிறேன். சென்னை ஸ்டுடியோவில் முப்பது நாற்பது பேர் வாசித்ததை இங்கே மேடையில் ஆறேழு பேர் கொண்டுவர வேண்டும். வயலின் கோஷ்டிக்கு ஆள் கிடையாது. கீபோர்டுக்காரர் இரண்டு கையிலும் வேறு வேலையாக இருப்பார். இரண்டாவது இடையிசையில் வயலின்கள் ஏறும் இடம் கிட்டார் தலையில் விழும். அவர் ஓவர்டிரைவ் பெடலை மிதித்து, வில் போடும் ஒலி வரவேண்டும் என்று ஒலிக் குமிழைச் சுண்டு விரலால் மெல்லத் திறந்து ஏற்றுவார். பெக் செய்த அதே வேலை, வேறு காரணத்துக்காக. அந்த எட்டு பாரில் கேட்பது ராஜாவும் இல்லை, ராக்கும் இல்லை. கூட்டம் பிரியாணி வரிசையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

தமிழர்கள் ராக்கில் எதைச் சொந்தமாகச் செய்தார்கள் என்று கேட்டால் எல்லாரும் காட்டுவது ருத்ராவை. 1992ல் கதிரசன், சிவா, பாலா முதலியோர் தொடங்கிய குழு. ‘வேத மெட்டல்’ என்ற பெயரில் உலகெங்கும் ரசிகர்கள். 1998ல் முதல் ஆல்பம், பிறகு ‘தி ஆர்யன் க்ரக்ஸ்’, ‘குருக்ஷேத்ரா’, 2005 முதல் 2011 வரை மூன்று பகுதிகளாக வந்த ‘பிரம்மவித்யா’. உபநிடத வாசகங்களும் மந்திர உச்சாடனமும் டெத் மெட்டலின் உறுமலுக்குள் உட்காருகின்றன. தேசியக் கல்விக் கழகத்தின் யூஜின் டைரியநாதன் இந்தக் குழுவை வைத்து ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார். குழு உருவான காலத்தில் கச்சேரிகளில் ஒருவரையொருவர் முட்டி ஆடும் ஸ்லாம் டான்ஸுக்கு இங்கே தடை வந்தது என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஊரில் மெட்டல் வாசிப்பதே பிடிவாதம். அதில் சமஸ்கிருதத்தைக் கொண்டுவந்தது இன்னொரு பிடிவாதம்.

மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து. ருத்ராவின் கிட்டார் இருக்கையில் கடந்த முப்பது ஆண்டுகளில் பலர் மாறி மாறி அமர்ந்தார்கள். குழுவின் ஒலி பெரிதாக மாறவில்லை. அப்படியென்றால் அந்தத் தனித்தன்மை எங்கே இருக்கிறது? சொல்லில், கட்டமைப்பில், கதிரசனின் குரலில், அவர் போடும் திட்டத்தில். கிட்டார்கள் நேர்த்தியானவை, வேகமானவை. ஆனால் அவை பேசுவது உலகம் முழுக்க டெத் மெட்டலும் பிளாக் மெட்டலும் பேசும் மொழிதான். குழு அசல் என்பதற்காகக் கிட்டாரும் அசலாகிவிடாது. இது ருத்ராவுக்கு மட்டுமான குறையும் இல்லை. ராகத்தின் ஆரோகணத்தை டிஸ்டார்ஷனில் ஓட்டினாலே இந்தியச் சாயல் வந்துவிட்டது என்று நம்பும் குழுக்கள் பெங்களூரிலும் சென்னையிலும் நிறைய. ஏறி இறங்குவது ராகம் ஆகாது. எந்த ஸ்வரத்தை எப்படி அசைப்பது என்பதில்தான் தோடி தோடியாகிறது.

கிட்டாரையே அசைக்கப் பார்த்தவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். ஜான் மெக்லாக்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றார். பிறகு தன் சக்தி குழுவுக்காக கிப்சன் நிறுவனத்தில் செய்வித்த கிட்டாரில் ஃப்ரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழித்து, குறுக்கே அனுசுருதித் தந்திகளும் போட்டுக்கொண்டார். தந்தியை வீணையைப் போல ஆழமாக இழுக்கத்தான் இத்தனையும். சென்னையில் சுகுமார் பிரசாத் 1980களில் மின் கிட்டாரில் முழுக் கர்நாடகக் கச்சேரி செய்தார். பின்னால் வந்த ஆர். பிரசன்னா 2006ல் ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ என்ற ஆல்பத்தில் ஹெண்ட்ரிக்ஸுக்கே கர்நாடக இசையில் அஞ்சலி செலுத்தினார். இந்தத் தலைப்பைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு. வாசிப்பைக் கேட்டால் சுளிப்பு நிலைக்காது. ஹெண்ட்ரிக்ஸின் கூச்சலும் கமகமும் ஒரே தந்தியில் இருக்க முடியும் என்று காட்டியவர் அவர். தேர்ச்சி, தனித்தன்மை இரண்டிலும் நம்மவர்களில் முதல் பெயரைக் கேட்டால் நான் தயங்காமல் பிரசன்னாவைச் சொல்வேன்.

சிங்கப்பூருக்குள் அப்படிக் கிட்டாரையே வேறாக்கியவர்கள் என்று இருவரைச் சொல்வேன். தி அப்சர்வேட்டரி குழுவின் தர்மா ஒருவர். 2001ல் தொடங்கிய இந்தக் குழு இனிமையான நாட்டார் சாயல் பாட்டுகளில் புறப்பட்டு, 2015ல் ‘கன்டினியூவம்’ ஆல்பத்தில் பாலித் தீவின் கமலான் இசைக்குள் போய்ச் சேர்ந்தது. அந்தப் பயணத்தில் தர்மாவின் கிட்டார் மெட்டு வாசிப்பதைப் படிப்படியாக விட்டது. தந்தியை உரசுவது, தட்டுவது, அதன்மேல் பொருள்களை வைத்து முனகவிடுவது என்று போயிற்று. கேட்க எளிதில்லை, நான் எல்லா நாளும் கேட்கிறேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அது வேறு யாருடைய நகலும் இல்லை.

இன்னொருவர் வோர்ம்ராட் குழுவின் ரஷீத் ஜுராய்மி. 2007ல் தொடங்கிய கிரைண்ட்கோர் குழு, ஒரு நிமிடப் பாட்டுகள், குழுவில் பேஸ் கிட்டாரே கிடையாது. பேஸ் இல்லாததால் ஏற்பட்ட பள்ளத்தை ஒரே கிட்டார் நிரப்ப வேண்டியிருந்தது. கனத்தையும் கூர்மையையும் ஒரே கையில் சுமக்க ரஷீத் கற்றுக்கொண்ட விதம், அயோமியின் பிளாஸ்டிக் தொப்பிக்கு ஒன்றுவிட்ட உறவு. 2017ல் கிளாஸ்டன்பரி விழாவில் வாசித்த முதல் சிங்கப்பூர்க் குழு இவர்கள்தான். 2022ல் வந்த ‘ஹிஸ்’ ஆல்பத்தில் வயலினும் சேர்ந்தது. சத்தம் என்று காதைப் பொத்திக்கொள்பவர்கள் அந்த ஆல்பத்தில் கிட்டார் எத்தனை முறை தன் உருவத்தை மாற்றுகிறது என்று ஒரு தடவை எண்ணிப் பார்க்கலாம். விஜேஷ் காரிவாலாவின் டிரம்ஸ் அந்த ஆல்பத்தில் இன்னொரு விந்தை, ஆனால் அது வேறு கட்டுரை.

அடுத்தவர் எங்கிருந்து வருவார்? லாசால் கலைக் கல்லூரியின் மெக்நேலி தெரு வளாகம் லிட்டில் இந்தியாவுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. கிட்டார் பையை முதுகில் மாட்டிய மாணவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு தேக்கா பக்கம் வருவதைப் பார்க்கலாம். அதே வட்டாரத்தில் ஸ்டார்லைட் ரோட்டில், 1949ல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகத்தில், இன்னொரு தலைமுறை வீணைத் தந்தியை இழுத்துப் பழகுகிறது. இரண்டு இடத்துக்கும் நடுவே இருப்பது ஒரு சின்ன நடை. இரண்டு பக்கமும் கமகமோ பெண்டிங்கோ, தந்தியைப் பக்கவாட்டில் தள்ளும் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கின்றன. ஒரு பக்கத்தவர் மறு பக்கத்துக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்பது எனக்குத் தெரிந்து வழக்கமாகவில்லை. மெக்லாக்லின் அதற்காக ஒரு பல்கலைக்கழகத்தைத் தேடிப் போக வேண்டியிருந்தது. இங்கே பஸ் ஏறக்கூட வேண்டாம்.